கம்பைலரின் மௌனம் சம்மதம் ஆகுமா?



ஆண்டு மலர் என்றாலே நட்பு, பிரிவு, நிலா என்று எழுதத்தான் கை துடிக்கும். அதை எழுத நம்மிடையே நிறைய கவிஞர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு ஜோடி அடைப்புக்குறியை! ஆமாம், சி புரோகிராமில் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் போடுகிறோமே, அந்த இரண்டு வளைவுக் கோடுகளைத்தான். அதற்குள் என்ன எழுதுகிறோம், என்ன எழுதாமல் விடுகிறோம் என்பதுதான் விஷயம். "இதுல போய் கருத்து சொல்ல என்னப்பா இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் கொடுங்கள்.

நம் லேபில் தினமும் காதில் விழும் ஒரு வாக்கியம் உண்டு. "எர்ரர் வரலை, ஓடுது, அப்ப சரிதான்!" ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கவும் இதுதான் அளவுகோல். பிராக்டிக்கல் தேர்வில் மார்க் வாங்கவும் இதுதான் அளவுகோல். என் கருத்து என்னவென்றால், இந்த அளவுகோலே தவறு. கம்பைலர் பேசாமல் இருப்பதை அது தலையாட்டியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று பெரியவர்கள் சொன்னது கல்யாணப் பேச்சுக்கு. கம்பைலருக்கு அல்ல!

ஒரு வரி, ஐந்து தீர்ப்பு

வெறும் வாய்ப்பேச்சு வேண்டாம், உதாரணத்தோடு பார்ப்போம். ஆலங்குடிப் பக்கம் நகைக்கடன் வாங்காத வீடு குறைவு. ஆகவே வட்டிக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். அசல் 5000, வட்டி வருஷத்துக்கு 12 சதவீதம். விடை 600 ரூபாய் என்று பெட்டிக்கடைத் தாத்தாவே சொல்லிவிடுவார். இதற்கு ஒரு ஃபங்ஷன் எழுதுகிறோம். பெயர் வட்டி. அசல், வீதம் என்று இரண்டு பாராமீட்டர்கள், இரண்டும் டபுள். ஃபங்ஷனை மெயினுக்குக் கீழே எழுதியிருக்கிறோம். அதனால் மேலே ஒரு டிக்ளரேஷன் வேண்டும். பலரும் போடுவது இது:

டபுள் வட்டி();

அடைப்புக்குறி காலி. அப்புறம் மெயினுக்குள் வட்டி(5000, 12) என்று கூப்பிடுகிறோம். தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் கீபோர்டில் ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். இனி நடப்பதைக் கவனியுங்கள்.

டர்போ சி++-இல் ஃபைல் பெயருக்குப் பின்னால் சி என்று போட்டு சேமித்தால், அதிகம் போனால் ஒரு எச்சரிக்கை. புரோகிராம் ஓடும். விடை 600 அல்ல.

அதே டர்போவில், அதே புரோகிராமை, பெயருக்குப் பின்னால் சிபிபி என்று சேமித்தால், கூடுதல் பாராமீட்டர் கொடுத்திருக்கிறாய் என்று எர்ரர் போட்டு நிறுத்திவிடும்.

லினக்ஸில் ஜிசிசி 14 வரை உள்ள கம்பைலரில், ஆப்ஷன் எதுவும் கொடுக்காவிட்டால் ஒரு வார்த்தை பேசாது. எர்ரரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. விடை 0 வரலாம், தலைகால் புரியாத எண்ணும் வரலாம்.

கிளாங் கம்பைலரில், 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பு முதல், புரோட்டோடைப் இல்லாமல் ஆர்கியூமென்ட் அனுப்புகிறாய், இது வழக்கொழிந்தது என்று எச்சரிக்கும். ஆனால் ஓட விடும். போனில் டெர்மக்ஸ் போட்டுப் படிக்கும் நண்பர்கள் பார்ப்பது இந்தக் கிளாங்கைத்தான்.

2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15-இல் நேராக எர்ரர்!

பார்த்தீர்களா? நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஒரே வரிக்கு ஐந்து விதமான தீர்ப்பு. அதிலும் முதல் இரண்டு தீர்ப்பும் ஒரே மெஷின், ஒரே சாஃப்ட்வேர்! மாறியது ஃபைலின் வால் மட்டும். டர்போவில் புது ஃபைல் திறந்தால் அது தானாகவே சிபிபி என்றுதான் பெயர் வைக்கும். ஆக நாம் படிப்பது சி, பல நேரம் கம்பைல் செய்வது சி++. பக்கத்து பெஞ்சு நண்பனுக்கு ஓடியது எனக்கு ஏன் ஓடவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் பாதிக் கதைக்கு இதுதான் காரணம்.

உள்ளே நடப்பது என்ன?

சி++-இல் காலி அடைப்புக்குறி என்றால் 'இந்த ஃபங்ஷனுக்குப் பாராமீட்டரே கிடையாது' என்று பொருள். பழைய சி-யில் அப்படி அல்ல. 'பாராமீட்டர் உண்டா, எத்தனை, என்ன டைப், எதுவும் நான் சொல்லமாட்டேன்' என்று பொருள். சொல்லாததைக் கம்பைலர் எப்படிச் சரிபார்க்கும்? நீங்கள் அனுப்பியதை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடும்.

5000, 12 இரண்டும் இன்ட். டர்போவில் இன்ட் ஒன்றுக்கு 2 பைட். ஆக அனுப்பும் இடத்தில் ஸ்டாக்கில் வைத்தது 4 பைட். வாங்கும் ஃபங்ஷனோ இரண்டு டபுள் என்று நினைத்து, 8-ம் 8-ம் 16 பைட் எடுக்கிறது. வைத்தது 4, எடுத்தது 16! மிச்சம் 12 பைட் யார் வீட்டுச் சொத்து? ஸ்டாக்கில் பக்கத்தில் எது கிடந்ததோ அது. இன்றைய 64-பிட் கணிப்பொறியில் கதை வேறு மாதிரி. முழு எண்களை ஒரு வகை ரிஜிஸ்டரில் வைப்பார்கள், தசம எண்களை வேறு வகை ரிஜிஸ்டரில் வைப்பார்கள். நாம் கிழக்கு வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு வருகிறோம், ஃபங்ஷன் மேற்கு வாசலில் போய்த் தேடுகிறது.

இதைவிட ஆபத்து ஒன்று இருக்கிறது. அதே புரோகிராமில் வட்டி(5000.0, 12.0) என்று புள்ளி வைத்துக் கொடுத்துப் பாருங்கள். இந்த முறை அனுப்பியதும் டபுள், வாங்கியதும் டபுள். 600 என்று கச்சிதமாக விடை வந்துவிடும்! எப்போதும் தப்பாக வந்தால் நாமே கண்டுபிடித்துவிடுவோம். சில நேரம் சரியாக வருவதுதான் கழுத்தை அறுக்கும்.

டபுள் வட்டி(டபுள், டபுள்); என்று முழுசாக ஒரு வரி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்ட் கொடுத்தாலும் கம்பைலரே அதை டபுளாக மாற்றி அனுப்பியிருக்கும். இரண்டு வார்த்தை, அவ்வளவுதான் செலவு.

குழப்பம் வந்த வழி

இதற்காகக் கம்பைலர் எழுதியவர்களைத் திட்டுவது நியாயம் இல்லை. வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தால் புரியும். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கினார். 1978-இல் அவரும் பிரையன் கெர்னிகனும் எழுதிய புத்தகம் வந்தது. அப்போது ஃபங்ஷன் எழுதும் முறையே வேறு. அடைப்புக்குறிக்குள் பெயர் மட்டும் வரும், டைப் எல்லாம் அடுத்த வரியில் வரும். டிக்ளரேஷனில் பாராமீட்டர் பற்றிய பேச்சே இருக்காது. அனுப்புவதும் வாங்குவதும் பொருந்துகிறதா என்று பார்க்க லின்ட் என்று தனியாக ஒரு புரோகிராம் வைத்திருந்தார்கள்.

1983-இல் அமெரிக்காவில் ஆன்சி குழு அமைத்தார்கள். 1989-இல் ஸ்டாண்டர்டு வந்தது, 1990-இல் ஐஎஸ்ஓ அதை ஏற்றுக்கொண்டது. சி++-இலிருந்து புரோட்டோடைப் முறையைக் கடன் வாங்கினார்கள். ஆனால் உலகம் முழுக்கப் பழைய முறையில் எழுதிய புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை ஒரே நாளில் தூக்கிப் போட முடியுமா? அதனால் பழையதும் செல்லும், புதியதும் செல்லும் என்று விட்டார்கள். பழைய முறை வழக்கொழியப் போகிறது என்று மட்டும் எழுதி வைத்தார்கள். அந்த 'போகிறது' முடிய எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? 2024 அக்டோபரில் வெளியான சி23 ஸ்டாண்டர்டில்தான் பழைய முறையை நீக்கினார்கள். காலி அடைப்புக்குறிக்கும் 'பாராமீட்டர் இல்லை' என்ற ஒரே பொருளைக் கொடுத்தார்கள். 35 வருஷம்!

டிக்ளேர் செய்யாமலே ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் பழக்கமும் இப்படித்தான். 1999 ஸ்டாண்டர்டிலேயே அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் கிளாங் அதை எர்ரர் ஆக்கியது 2023-இல் வந்த 16-ஆம் பதிப்பில், ஜிசிசி ஆக்கியது 2024 மே மாதம் வந்த 14-ஆம் பதிப்பில். நடுவில் கால் நூற்றாண்டு 'போனால் போகட்டும்' என்று விட்டிருந்தார்கள். இந்த மாற்றத்துக்குத் தயாராவதற்காக ஃபெடோரா லினக்ஸ் குழுவினர் பழைய சாஃப்ட்வேர்களைத் தேடித் தேடித் திருத்தினார்கள். ஊர் பேர் தெரியாத எவரோ 30 வருஷத்துக்கு முன்னால் விட்ட காலி அடைப்புக்குறியை இன்று யாரோ உட்கார்ந்து நிரப்புகிறார்கள்.

சில கம்பைலர்கள் ஸ்டாண்டர்டுக்கு மேலே சொந்தச் சலுகையும் கொடுக்கும். முன்னால் புரோட்டோடைப்பில் ஃப்ளோட் என்று சொல்லிவிட்டு, பின்னால் ஃபங்ஷனைப் பழைய முறையில் ஃப்ளோட் என்றே எழுதினால் இரண்டும் பொருந்துகிற மாதிரி நம் கண்ணுக்குத் தெரியும். 1989 ஸ்டாண்டர்டுப்படி பொருந்தாது, ஏனென்றால் பழைய முறையில் ஃப்ளோட் டபுளாக மாறித்தான் பயணம் செய்யும். ஆனால் ஜிசிசி இதைத் தன் சொந்த விரிவாக்கமாக ஏற்றுக்கொண்டு வந்தது. அதன் கையேட்டிலேயே இந்தச் சலுகை எழுதியிருந்தது. ஆக, ஒரு கம்பைலர் விட்டது என்பதால் சட்டம் விட்டது என்று ஆகாது.

நம் லேபும் நம் பழக்கமும்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். டர்போ சி 1987-இல் வந்தது. லேபில் நாம் பார்க்கும் டர்போ சி++ 3.0, 1990-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அது 16-பிட் சாஃப்ட்வேர், 64-பிட் விண்டோஸில் நேராக ஓடாது. அதனால் டாஸ்பாக்ஸ் என்று இன்னொரு சாஃப்ட்வேர் போட்டு, புதுக் கணிப்பொறியைப் பழைய கணிப்பொறி மாதிரி நடிக்க வைத்து, அதற்குள் டர்போவை ஓட்டுகிறோம். நினைத்தால் சிரிப்பு வருகிறது, இல்லையா?

அடுத்து, நாம் எல்லோரும் மனப்பாடமாக எழுதும் வாய்டு மெயின்(). ஸ்டாண்டர்டு சொல்வது இன்ட் மெயின்(வாய்டு). ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். உள்ளே போட வேண்டிய வாய்டை வெளியே போட்டுவிட்டு, உள்ளே காலியாக விட்டிருக்கிறோம்!

பாராமீட்டராக ஒரு அரே எழுதுகிறோம்: இன்ட் மார்க்[10]. அந்த 10-ஐக் கம்பைலர் கண்டுகொள்வதே இல்லை. ஃபங்ஷனுக்குள் வருவது அரே அல்ல, அதன் முகவரி மட்டும்தான். உள்ளே போய் சைஸ்ஆஃப் போட்டு மொத்த அளவை ஓர் உறுப்பின் அளவால் வகுத்தால், டர்போவின் ஸ்மால் மாடலில் 2-ஐ 2-ஆல் வகுத்து 1 வரும். 64-பிட் ஜிசிசியில் 8-ஐ 4-ஆல் வகுத்து 2 வரும். வர வேண்டியது 10. இரண்டும் தப்பு, தப்பிலும் ஒற்றுமை இல்லை. ஜிசிசியின் புதிய பதிப்புகள் இதை எச்சரிக்கின்றன.

எங்கள் அப்பா கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்வார். "முள்ளு அசையலைன்னா எடை சரின்னு நம்பிடாத தம்பி. தராசே துருப்புடிச்சு இறுகிப் போயிருக்கும்." கம்பைலரின் மௌனத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

மறுப்புகளும் என் பதிலும்

"டர்போவில் படித்துத்தானே ஆயிரக்கணக்கான பேர் வேலைக்குப் போனார்கள்?" என்று கேட்பார்கள். உண்மைதான். நெட் இல்லாத லேபில், பழைய மெஷினில், எஃப்1 தட்டினால் உதவி சொல்லும் நல்ல சாஃப்ட்வேர் அது. அதன் காலத்தில் அது ராஜா. நம் ஆசிரியர்களில் பலர் அதில் படித்து வந்தவர்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் படித்தபோது அது புதுசு. நமக்கு அது நம் வயசை விட மூத்தது.

"பேசிக் தெரிந்தால் போதும், கம்பைலர் எதுவானால் என்ன?" என்பார்கள். ஃபங்ஷனுக்கு என்ன அனுப்புகிறோம், அது என்ன வாங்குகிறது என்பதுதானே பேசிக்! அதையே சொல்லாமல் விட்டுவிட்டு எந்தப் பேசிக்கைப் படிப்பது?

"புதிய கம்பைலர் வாங்கப் பணம்?" ஜிசிசி இலவசம். நம் சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இலவசம்தான். காசு இங்கே பிரச்சினை இல்லை, பழக்கம்தான் பிரச்சினை.

"அப்படியென்றால் பழைய முறையே வேண்டாமா?" படிக்கத் தெரிய வேண்டும், எழுத வேண்டாம். பழைய புரோகிராம்களைத் திருத்தும் வேலை இன்னும் உலகத்தில் இருக்கிறது. கல்வெட்டு படிக்கத் தெரிவது நல்லது, அதற்காக லீவ் லெட்டரைக் கல்வெட்டு எழுத்தில் எழுதுவோமா?

நஷ்டம் யாருக்கு?

இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணமே இந்தக் கேள்விதான். வீட்டில் இன்ஜினீயர் மாமாவோ அண்ணனோ இருப்பவனுக்கு, "டேய், அந்த எச்சரிக்கையை ஆன் பண்ணிப் பாரு" என்று சொல்ல ஆள் உண்டு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல் ஆள். நம்மில் பாதிப் பேருக்கு இதே நிலைமைதான். வடகாட்டிலிருந்தும் கீரமங்கலத்திலிருந்தும் கொத்தமங்கலத்திலிருந்தும் காலையில் பஸ் பிடித்து வருகிறோம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சந்தேகம் கேட்க யாரும் இல்லை. நமக்கு லேபில் இருக்கும் ஸ்கிரீன்தான் வாத்தியார். அது பேசாமல் இருந்தால் 'சரி' என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறோம். அந்த மௌனத்தின் விலையை அதிகமாகக் கொடுப்பது நாம்தான்.

போன வருஷம் படித்து முடித்த ஒரு சீனியர் அண்ணன் சொன்னார். ஒரு கம்பெனியின் ஆன்லைன் தேர்வில் கொடுத்த கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும். லேபில் பத்து முறை ஓட்டிய அதே மாதிரி எழுதினார். அங்கே இருந்ததோ புதுக் கம்பைலர். டிக்ளேர் செய்யாத ஃபங்ஷன் என்று எர்ரர், பாராமீட்டர் அதிகம் என்று எர்ரர். கணக்கு தெரிந்தும் நேரம் போய்விட்டது. அவர் தலையில் குறையா? இல்லை. நாம் படித்த சி-க்கு எல்லை இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நம் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு ஒரு காலத்தில் சொந்தக் காசு இருந்தது, அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய என்ற எழுத்து. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. இன்று அதை மியூசியத்தில் பார்த்துப் பெருமைப்படுகிறோம். ஆனால் அதைக் கொடுத்து பஸ் டிக்கெட் வாங்க முடியுமா? எங்கும் செல்லுகிற காசுதான் பையில் இருக்க வேண்டும். ஸ்டாண்டர்டு சி என்பது அதுதான்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைக்காமல் கட்டுரை முடித்தால் அது புலம்பல். ஆகவே நம் மாணவர் பேரவை நிர்வாகிகள் முன் இவற்றை வைக்கிறேன்.

ஒன்று, லேபில் டர்போவோடு கூடவே புதிய ஜிசிசியும் எல்லா மெஷினிலும் வேண்டும் என்று துறைத் தலைவரிடம் பேரவை சார்பில் மனு கொடுப்போம்.

இரண்டு, கம்பைல் செய்யும்போது 'டபிள்யூ ஆல்' ஆப்ஷனைப் போடுவதை வழக்கமாக்குவோம். அதோடு 'ஸ்ட்ரிக்ட் புரோட்டோடைப்ஸ்' எச்சரிக்கையையும் தனியாகச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் 'ஆல்' என்று பெயர் இருந்தாலும் அதில் இது அடங்காது! இதைச் சேர்த்தால் பேசாமல் இருந்த பழைய ஜிசிசியும் காலி அடைப்புக்குறியைக் காட்டிக் கொடுக்கும்.

மூன்று, ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் முழு புரோட்டோடைப் எழுதுவோம். பாராமீட்டர் இல்லையென்றால் வாய்டு என்று வாய் திறந்து சொல்வோம். சி மொழியை சி என்ற வாலோடுதான் சேமிப்போம்.

நான்கு, மூன்றாம் வருஷம் போகும் நாங்கள், முதல் வருஷத் தம்பி தங்கைகளுக்கு சனிக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து இதைச் சொல்லிக் கொடுப்போம். இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. மனசு இருந்தால் போதும்.

தோழர்களே! கம்பைலர்கள் மாறிக்கொண்டேதான் இருக்கும். இன்று விட்டது நாளை பிடிக்கும், இங்கே பிடித்தது அங்கே விடும். நாம் அனுப்புவது என்ன, அந்தப் பக்கம் வாங்குவது என்ன என்பதை எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டால் எந்தக் கம்பைலருக்கும் பயப்பட வேண்டியதில்லை. அடைப்புக்குறியைக் காலியாக விடாதீர்கள்!



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
கம்ப்யூட்டர் துறை,
ஆலங்குடி.